'லுக் ஃபார்வர்ட் டு'வுக்குப் பின் என்ன எழுதுவது?

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளிலிருந்து வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதுபவர்கள் கடைசி வரியில்தான் இடறுவார்கள்: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' (உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்). 'ஹியரிங்' என்றுதான் வர வேண்டும். 'வான்ட் டு ஹியர்' என்று எழுதிய பழக்கத்தில் கை தானாக அப்படிப் போய்விடுகிறது. இங்கே 'டு' ஒரு பிரிபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சொல். அடுத்து பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோதான் வரும்.

சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின் 'இட்' போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கும். 'வான்ட் டு இட்' நிற்காது. நின்றால் 'இங்'. 'யுவர் ஆர்டர்' என்று பெயர்ச்சொல்லே வந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

'ஐ லுக்' முறையான கடிதத்துக்கு. 'ஐ ஆம் லுக்கிங்' பழகியவருக்கு. 'ஐ'யை விழுங்கிவிட்டு 'லுக்கிங்' என்று தொடங்குவது வாட்ஸ்அப்புக்குப் பரவாயில்லை, கொட்டேஷனோடு வேண்டாம். 'ஃபார்வர்ட்' கடைசியில் 'எஸ்' ஒட்டாதீர்கள்.