சதுப்பு நிலம் மழைமானி அல்ல: பீட், மகரந்த ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குகளில், நீர் தேங்கிய இடங்களில் செடிகொடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கறுத்துக் கிடக்கின்றன. இதைத்தான் பீட் என்கிறோம். ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, கடைசிப் பனியுகத்தின் உச்சம் வரையிலான பருவமழைக் கதைக்கு நீலகிரி பீட் முக்கியமான சாட்சியாகிவிட்டது. ஆனால் இந்தச் சாட்சி மழையைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்வதில்லை; செடிகளைப் பற்றித்தான் சொல்கிறது. தவறுகள் பெரும்பாலும் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

ஒளிச்சேர்க்கை செய்யும் முறையை வைத்துச் செடிகளைப் பிரித்தால், மரங்களும் புதர்களும் அநேகமாக எல்லாம் சி3 வகை. வெப்பமும் வறட்சியும் தாங்கும் புற்களில் பல, கரும்பு, சோளம் போல, சி4 வகை. இரண்டிலும் கார்பன்-13 என்ற கனமான கார்பன் அணுக்களின் அளவு வேறுபடும்; அதனால் பீட்டில் அதை அளந்தால் எந்த வகைச் செடி அதிகம் இருந்தது என்று தெரியும். சரி, சி4 கூடினால் மழை குறைந்தது என்று எழுதிவிடலாமா? அவசரப்படக் கூடாது. பனியுக உச்சத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 190 பங்குதான். இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அது குறைந்தாலே, மழை மாறாவிட்டாலும், சி4 புற்களுக்குக் கை ஓங்கும். போதாததற்கு உறைபனி, சோலை எனப்படும் மலைக்காட்டின் மரக் கன்றுகளைப் புல்வெளிக்குள் வளரவிடாது. தீயும் மேய்ச்சலும் வேறு.

பீட் அடுக்குகளில் சிக்கிய மகரந்தத்தை எண்ணியும் பழைய செடிகளை அறியலாம். அதில் பெரிய பொறி சதவீதம். 1916இல் சுவீடனின் லென்னார்ட் வான் போஸ்ட் மகரந்தச் சதவீத வரைபடத்தை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து இந்தப் பொறியும் கூடவே வருகிறது. ஓர் அடுக்கில் மர மகரந்தம் 200, புல் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள்: புல் 50 சதவீதம். அதன் மேலடுக்கில் மரம் 50, புல் அதே 200 என்றால் புல் 80 சதவீதம். வரைபடத்தில் புல்வெளி பரவியதுபோலத் தெரியும். உண்மையில் புல் அப்படியேதான் இருக்கிறது. மாதிரியைச் சுத்திகரிக்கும் முன்பே, எண்ணிக்கை தெரிந்த லைக்கோபோடியம் (பாசி போன்ற ஒரு செடி) வித்துகள் கொண்ட மாத்திரையைக் கலந்துவிட்டால், ஒரு கனசென்டிமீட்டரில் எத்தனை மகரந்தம் என்று தனியாகக் கணக்கிடலாம். இதைச் செய்யாத ஆய்வை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அப்புறம், எண்ணிக்கை அதிகம் என்றால் மரம் அதிகம் என்று அர்த்தமில்லை. பைன் மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். மரமே இல்லாத துந்திரா எனும் துருவப் பகுதிச் சமவெளி மண்ணிலும் கிடைக்கும். பூச்சிகளை நம்பிப் பூக்கும் சோலை மரங்களோ பக்கத்திலேயே நின்றாலும் சொற்பமாகத்தான் தடம் விடும். சதுப்பிலேயே வளரும் கோரையை மொத்தக் கணக்கில் சேர்த்தால் மலைச்சரிவின் கதை அதில் அமுங்கிப்போகும். புல் மகரந்தம் எல்லாம் ஒற்றைத் துளையோடு உருண்டையாக இருக்கும். நுண்ணோக்கியில் அதைப் பார்த்து சி3, சி4 என்று பிரிக்க முடியாது.

காலக்கணக்கிலும் கவனம் வேண்டும். பழைய கட்டுரைகளில் வரும் 10,000 கதிர்க்கார்பன் ஆண்டு (கார்பன்-14 சிதைவை வைத்துக் கணக்கிட்ட, திருத்தாத வயது), நாள்காட்டி ஆண்டில் ஏறக்குறைய 11,500. திருத்தாமல் அதைக் குகைச் சுண்ணாம்புப் படிவத்தில் யுரேனியம் தோரியமாகச் சிதைவதை அளந்து பெற்ற தேதியோடு ஒப்பிட்டால் 1,500 ஆண்டு 'தாமதம்' ஒன்று சும்மா முளைக்கும். மேலிருந்து இறங்கிய வேர்கள் பீட்டின் வயதைக் குறைத்துக் காட்டும். இரண்டு தேதிகளுக்கு நடுவே நேர்கோடு இழுப்பது இன்னும் மோசம். கடும் வறட்சியில் பீட் வளராது, காய்ந்து சிதையும், சில சமயம் எரிந்தும் போகும். நாம் தேடும் வறட்சியே தன் பக்கத்தைக் கிழித்துவிடும்.

நீலகிரியில் பீட் மாதிரிக்காகத் துளையிடுபவர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. சீகை மரத்தை, அதாவது வாட்டிலை, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டில். அதன் மகரந்தம் பெரும்பாலும் 16 மணிகள் ஒட்டிய கொத்தாக இருப்பதால் அடையாளம் காண்பது சுலபம். அது ஆழத்தில் கிடைத்தால் மேல்மண் கலந்திருக்கிறது. சுற்றிலும் சீகை நிற்கும் இடத்தில் மேலடுக்கிலேயே அது இல்லையென்றால், யாரோ காய்கறிப் பாத்திக்காக மேல்மண்ணைச் சுரண்டியிருக்கலாம். அந்த இடத்தை விட்டு வேறு இடத்தில் துளையிடுவது நல்லது.