நடுச்சாம ஊசியைத் தட்டிக் கழிக்காதீர்கள்

பெரும்போகம் தொடங்கினால் வெல்லாவெளிப் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயமும் கூடவே வரும். என் மாமாவும் ஒரு வருடம் அப்படித்தான் வார்ட்டில் கிடந்தார். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி. இரவு பன்னிரண்டு மணிக்கு மிஸ் வந்து எழுப்பினால், "காலையில போடுங்க மகள், இப்பதான் கண் அயர்ந்த" என்று கையை இழுத்துக்கொள்வார். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஊசிதானே என்பது அவருடைய நியாயம். விசயம் தெரியாமல் நானும் அவருக்காகப் பேசினேன்.

பெனிசிலின் உடம்பில் நின்று பிடிக்காது. சுகதேகியான ஒருவரின் இரத்தத்தில் உள்ள மருந்தில் பாதி, சுமார் 30 நிமிடத்தில் போய்விடும். அடுத்த அரை மணித்தியாலத்தில் மிச்சத்தில் பாதி. சிறுநீரகம் அதை வடிகட்டுவதோடு விடாமல், இரத்தத்திலிருந்து இழுத்தெடுத்தும் சிறுநீருக்குள் தள்ளுகிறது. 1941இல் ஒக்ஸ்போர்டில் ஒரு பொலிஸ்காரருக்கு இந்த மருந்தை ஏற்றியபோது கையிருப்பு போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். அவ்வளவு வேகமாக, உருமாறாமல் வெளியேறுகிற மருந்து இது. நடுச்சாம ஊசியைத் தவறவிட்டால் இடைவெளி பன்னிரண்டு மணித்தியாலம் ஆகிவிடும். கிருமி திரும்பத் தலைதூக்க அது போதும்.

சரி, பக்கத்துக் கட்டில்? அவருக்குப் போட்டது செஃப்ட்ரையக்சோன் என்ற வேறொரு கிருமிகொல்லி மருந்து. அதில் 85 முதல் 95 வீதம் இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும். ஒட்டாமல் இருக்கும் சொற்பம்தான் கிருமியைத் தாக்கும், சிறுநீரகத்தில் வடிபடுவதும் அதுதான். அதனால் பாதி குறையவே 6 முதல் 9 மணித்தியாலம் எடுக்கும். ஒரு பங்கு சிறுநீரிலும் மற்றப் பங்கு ஈரல் வழியாகப் பித்தத்திலும் போகும். பித்தத்தோடு குடலுக்கு வருவது அங்குள்ள நல்ல கிருமிகளையும் கெடுப்பதால் சிலருக்கு வயிற்றோட்டம் வரும். வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து வேறானால் நேரமும் வேறாகும். கட்டிலுக்குக் கட்டில் ஒப்பிட்டு டொக்டரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை.

எனக்கு அதிகம் பயம் தருவது இன்னொரு பழக்கம். சிறுநீரக வருத்தத்துக்கு வேறோர் ஆஸ்பத்திரியில் கிளினிக் போகிறவர்கள், காய்ச்சலுக்கு வரும்போது அந்தக் கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். மேலே சொன்ன கணக்கெல்லாம் நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு. ஜென்டாமைசின் என்ற கிருமிகொல்லி ஊசியை உதாரணத்துக்குப் பாருங்கள்: சுகதேகியின் உடம்பில் 2 முதல் 3 மணித்தியாலத்தில் பாதியாகும், ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகவே போகும். அந்த வழி அடைபட்டவருக்கு வழக்கமான அளவில் போட்டால் மருந்து தேங்கி, காதையும் மிஞ்சியிருக்கிற சிறுநீரகத்தையும் பழுதாக்கும். போன கேட்கும் சக்தி அநேகமாகத் திரும்பாது. கொப்பி கையில் இல்லையா, வாயாலாவது சொல்லிவிடுங்கள். வயது போனவர்களுக்கு வருத்தம் இல்லாவிட்டாலும் சிறுநீரகம் மெதுவாகத்தான் வேலை செய்யும், அவர்களுடைய வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

அப்புறம், "குளிசை வேண்டாம், ஊசியே போடுங்க" என்று கேட்பது. கடும் வருத்தத்துக்கு ஊசி வேணும்தான். ஆனால் எலிக்காய்ச்சல் இலேசாக இருக்கும்போது கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை, குடலிலிருந்து ஏறக்குறைய முழுவதும் இரத்தத்துக்கு ஏறிவிடும். ஊசி இல்லாமலே கிருமியிடம் போய்ச் சேர்கிற மருந்து அது.