வீட்டு இணையம் அடிக்கடி போகிறதா? கோளாறைக் கண்டுபிடித்து, தேவையானால் கம்பெனி மாறும் முறை

இணையம் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் போய் வந்தால், "கம்பெனியை மாத்திடலாம்" என்றுதான் முதலில் தோன்றும். மாற்றலாம், தப்பில்லை. ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் மாற்றினால், அதே தொல்லை புதிய பில்லோடு தொடரும். வீட்டுக்குள் இருக்கும் வைஃபை, தெருவில் வரும் கேபிள், அதற்கு அப்பால் கம்பெனியின் நெட்வொர்க் என்று மூன்று இடங்களில் எதில் வேண்டுமானாலும் சிக்கல் இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்க கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இன்று புதிதாகப் போடுவது பெரும்பாலும் ஃபைபர் இணைப்புதான் என்பதால், அதை வைத்தே சொல்கிறேன்.

படி 1: மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள்

சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கும். "பிஓஎன்" விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் ஃபைபர் வழியே ஒளி ஒழுங்காக வருகிறது. "எல்ஓஎஸ்" சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி வரவில்லை. கேபிள் எங்கோ அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். அந்த நேரத்தில் மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் கிடையாது; லைன்மேன் வந்தால்தான் ஆகும்.

நம் தெருக்களில் ஃபைபர் மின்கம்பத்திலும் மரக்கிளையிலும் தொங்கிக்கொண்டு வருகிறது. அணில் கடிக்கிறது, உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி இழுத்துப் போகிறது, வடிகால் தோண்டும்போது வெட்டுப்படுகிறது. வீட்டுக்குள்ளும் பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. பீரோவுக்குப் பின்னால் நசுங்கியோ, ஜன்னல் சட்டத்தில் செங்குத்தாக மடிந்தோ கிடந்தால் அந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும். மடிப்பை எடுத்து, அகலமான வளையமாகச் சுற்றி வையுங்கள். முனையைக் கழற்றித் துடைக்கவோ கண்ணருகே வைத்துப் பார்க்கவோ வேண்டாம். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது.

லைன்மேன் வந்தால் "அண்ணா, பவர் எவ்வளவு காட்டுது?" என்று கட்டாயம் கேளுங்கள். கையிலிருக்கும் மீட்டரில் மைனஸ் 18, மைனஸ் 22 போல ஓர் எண் வரும். அது டிபிஎம் என்ற அளவு. மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல் என்று அர்த்தம். மைனஸ் 25க்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ ஒட்டிப் போனால், இப்போது ஓடினாலும் ஒரு மழைக்கு நின்றுவிடும். அப்படியிருந்தால் ஜாயின்ட்டை மறுபடி போட்டுத் தரச் சொல்லுங்கள். எண்ணைக் குறித்தும் வைத்துக்கொள்ளுங்கள், புகாரில் உதவும்.

படி 2: வைஃபையா, லைனா?

விளக்குகள் பச்சையாக இருந்தும் நெட் திணறுகிறதா? ஒரு லேன் கேபிளால் லேப்டாப்பை நேரே மோடத்தில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டுப் பயன்படுத்திப் பாருங்கள். கேபிளில் பிரச்சினை இல்லாமல் வைஃபையில் மட்டும் இருந்தால், கம்பெனி மாறுவதில் லாபமில்லை. மோடத்தின் இடத்தை மாற்றுங்கள். டிவிக்குப் பின்னாலும் இரும்பு அலமாரிக்குள்ளும் வைத்தால் சிக்னல் அங்கேயே அடங்கிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அடுக்குமாடியில் பக்கத்து வீடுகளின் வைஃபையோடு மோதும். மோதல் இருந்தால் மோடம் செட்டிங்ஸில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். மாடி வீட்டுக்கு இன்னொரு ரவுட்டரைக் கேபிள் இழுத்து வைப்பதுதான் நிலையான தீர்வு.

வேகம் பார்க்கும்போது ஒரு விஷயம். 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தும் ஸ்பீடு டெஸ்ட் எப்போதும் 94, 95லேயே நிற்கிறது என்றால், பெரும்பாலும் லேன் கேபிளில் எட்டுக் கம்பிகளில் நாலுதான் வேலை செய்கிறது, அல்லது போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகை. கேட்5இ கேபிளாக மாற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். எம்பிபிஎஸ் கணக்கு பிட்டில், டவுன்லோடு காட்டுவது பைட்டில் என்பதையும் மறக்க வேண்டாம். எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு சுமார் 12 எம்பி இறங்கினால் அது முழு வேகம்.

படி 3: பிங் போட்டுப் பாருங்கள்

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் இரண்டு திறந்துகொள்ளுங்கள். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. ஒன்றில் மோடத்தின் முகவரிக்கு பிங் கொடுங்கள். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் அந்த முகவரி இருக்கும். பல மோடங்களில் 192.168.1.1, ஜியோ மோடத்தில் 192.168.29.1. இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8க்கு பிங் கொடுங்கள். இரண்டிலும் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். போனில் செய்வதானால் பிங் செயலிகள் கிடைக்கின்றன.

நெட் போகும் நேரத்தில் இரண்டையும் பாருங்கள். மோடத்துக்கான பிங்கே தவறினால் கோளாறு வீட்டுக்குள். மோடம் ஒழுங்காகப் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் "டைம்டு அவுட்" என்றால் கோளாறு வெளியே. மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும் பதில் வரும் மில்லிவிநாடிகள் பலமடங்கு ஏறினால், உங்கள் பகுதியில் கம்பெனி தாங்கக்கூடியதைவிட அதிக வீடுகளைச் சேர்த்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். அதை எந்த லைன்மேனாலும் சரிசெய்ய முடியாது. மாறுவதற்கு அது நல்ல காரணம்.

கரண்ட் போகும்போதெல்லாம் நெட்டும் போகிறதென்றால், மோடத்துக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்கள். அப்படியும் போனால், தெருவில் கம்பெனி வைத்திருக்கும் ஸ்விட்ச் பெட்டி மின்சாரத்தை நம்பி ஓடுகிறது. ஜிபான் என்ற ஃபைபர் முறையில், ஒளியை வீடுகளுக்குப் பிரித்துவிடும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். தெரு இருண்டாலும் இணைப்பு அறுபடாது. புதிய இணைப்பு எடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது ஜிபானா என்பதுதான் என்பேன்.

படி 4: புகாரை எழுத்தில் வையுங்கள்

லைன்மேனுக்குப் போன் அடித்துச் சொல்வது புகார் ஆகாது. கஸ்டமர் கேரிலோ செயலியிலோ பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது, எந்த விளக்கு எப்படி எரிந்தது என்று எழுதி, பிங் படங்களையும் சேர்த்து வையுங்கள்.

தீரவில்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஒவ்வொரு கம்பெனியும் இந்த ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் போட்ட விதி. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, ஆனால் கம்பெனிகளின் புகார் எண்களும் மேல்முறையீட்டு முகவரிகளும் அதன் இணையதளத்தில் கிடைக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. "இதெல்லாம் நம்மால் ஆகுமா" என்று ஒதுங்காதீர்கள். தேதியோடு எழுதிய ஒரு மின்னஞ்சலுக்கு இருக்கும் வலு, பத்து போன் சண்டைக்கு இல்லை.

படி 5: கம்பெனியை அல்ல, தெருவை விசாரியுங்கள்

விளம்பரத்தையும் இணைய மதிப்பெண்ணையும் தள்ளிவையுங்கள். உங்கள் தெருவில் லைனைப் பராமரிப்பவர் யார் என்பதுதான் உங்கள் இணையத்தின் தரம். பிஎஸ்என்எல் ஃபைபரே பல இடங்களில் உள்ளூர்க் கூட்டாளிகள் வழியாகத்தான் வருகிறது. ஒரே பெயர், அடுத்த தெருவில் வேறு அனுபவம். சில கேபிள் ஆபரேட்டர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் இணைப்பைத் தருகிறார்கள். அங்கே பெயரை மாற்றினாலும் அதே கம்பம், அதே கேபிள், அதே ஆள்தான்.

நாலைந்து வீடுகளில் கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "கடைசியா கேபிள் அறுந்தப்ப எத்தனை நாள்ல வந்தாங்க?", "கரண்ட் இல்லாதப்ப ஓடுதா?" என்று கேளுங்கள். கம்பெனியிடம் கேட்க வேண்டியவை: 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மாதம் எவ்வளவு, எவ்வளவு டேட்டாவுக்குப் பிறகு வேகம் குறையும், இடையில் நிறுத்தினால் முன்பணம் திரும்புமா. வெளியூரிலிருந்து வீட்டு கேமராவைப் பார்ப்பவர்கள் ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். இன்ஸ்டலேஷன் இலவசம் என்பதற்காக முதலிலேயே வருடச் சந்தா கட்டாதீர்கள். கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் ஒரு மாதம் பார்த்துவிட்டு நீட்டிப்பதுதான் சரி.

படி 6: இரண்டையும் சில நாள் ஓடவிடுங்கள்

புதிய இணைப்பு நிலையாக ஓடுவதைப் பார்க்கும் முன் பழையதை நிறுத்த வேண்டாம். பழைய பில் சுழற்சி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது புதியதைப் போட்டால் செலவு கட்டுக்குள் இருக்கும். மறுபடி படி 3இன் பிங் சோதனையைப் புதிய லைனில் ஓட்டுங்கள்.

பழையதை அணைத்த பிறகு, அதே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய மோடத்தில் கொடுத்தால் டிவி, கேமரா, தாத்தாவின் போன் எல்லாம் தானாகவே சேர்ந்துகொள்ளும். மொபைல் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை இன்னொரு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது. அந்த எண்ணை வங்கியிலோ கேஸ் ஏஜென்சியிலோ கொடுத்திருந்தால் முதலில் மாற்றிவிடுங்கள்.

படி 7: பழைய கணக்கை முறையாக மூடுங்கள்

பணம் கட்டாமல் விட்டால் தானாக மூடிவிடும் என்று இருக்காதீர்கள். பாக்கி என்று பிறகு போன் வரும். ரத்து செய்யும் கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பி, அதற்கும் எண் வாங்குங்கள். மோடம் கம்பெனியுடையது என்றால், சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டு, அடாப்டரோடு ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வந்தவர் "ரசீது அப்புறம் வரும் சார்" என்றால், அவர் முன்னாலேயே கஸ்டமர் கேருக்கு அழைத்து உறுதி செய்துகொண்டு கொடுங்கள். டெபாசிட் எப்போது திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். யூபிஐ ஆட்டோபே, கிரெடிட் கார்டில் நிலைக்கட்டளை எதுவும் இருந்தால் அன்றே ரத்து செய்யுங்கள். அடுத்த மாத வங்கிக் கணக்கில் அந்தப் பெயரில் பணம் போகவில்லையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.