2010 ஒயின் வாங்குவதற்கு முன்

கல்யாணம் நடந்த வருடம் என்று 2010 ஒயின் தேடுகிறீர்களா? நல்ல வருடம்தான், ஆனால் லேபிளில் இருப்பது திராட்சை பறித்த ஆண்டு மட்டுமே, எந்த ஊர் என்பதை முதலில் பாருங்கள். பிரான்சின் போர்டோவில் அந்தக் கோடை வறண்டு, இரவுகள் குளிர்ந்திருந்ததால் அங்குள்ள போயாக், சான் ஜூலியன் பக்கத்துச் சிவப்பு ஒயின்களில் துவர்ப்பும் புளிப்பும் திடமாக அமைந்தன, நல்லவை இன்னும் தாங்குவதற்குக் காரணம் அதுதான். இத்தாலியின் பரோலோவும் அப்படியே. மலிவான 2010 வேண்டாம், அதன் காலம் எப்போதோ முடிந்திருக்கும்.

அப்புறம் சேமிப்பு. எனக்குப் பெரிய கவலையே இதுதான், நம் சிங்கப்பூரில் 30 டிகிரி அறையில் சில மாதம் கிடந்தாலே ஒயின் வேகவைத்த பழம் போல ஆகிவிடும், அதனால் 12 முதல் 14 டிகிரியில் வைத்திருந்தார்களா, எப்போது இறக்குமதி செய்தார்கள் என்று கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கார்க் மேலே தள்ளியிருந்தாலோ, ஒயின் மட்டம் பாட்டிலின் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ எடுக்காதீர்கள்.

இங்கே கலால் வரி ஆல்கஹால் அளவுக்குத்தான், 13.5 சதவீத பாட்டிலுக்குச் சுமார் 9 வெள்ளி, மலிவானதற்கும் அதேதான். திறப்பதற்கு ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கும்.