கப்பலில் பார்த்த விருந்து, கானாடுகாத்தானில்: பத்துப் பேருக்கு ஏழு சுற்று

"சோறு எப்போது வரும்?" என்று அம்மான் கேட்டபோது மணி 9.15. அதற்குள் நான்கு சுற்றுகள் பரிமாறியிருந்தேன். ஆனால் செட்டிநாட்டில் சோறு வராதவரை யாரும் சாப்பிட்டதாகக் கணக்கில்லை. ஐந்தாவது சுற்றில் வரவேண்டிய சோறு அப்போதுதான் குக்கரில் முதல் விசில் அடித்தது. கப்பலில் பார்த்த விருந்தைக் கானாடுகாத்தானில் எங்கள் செட்டிநாட்டு வீட்டில் நடத்திப் பார்த்த முதல் முயற்சி அது. இதுவரை நான்கு முறை நடத்திவிட்டேன். தவறுகள் எல்லாம் என் செலவிலேயே முடிந்துவிட்டன. நீங்கள் அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கப்பலில் என்ன நடக்கிறது

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல் ஒன்றில் தம்பி குடும்பத்தோடு போயிருந்தேன். அங்கேதான் 'செஃப்ஸ் டேபிள்' என்ற விருந்தைப் பார்த்தேன். கப்பலில் ஆயிரக்கணக்கானவர்கள் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிடுகிறார்கள். இந்த மேசையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர். தலைமைச் சமையற்காரர் அன்றைக்கென்று வகுத்த உணவு, ஒவ்வொன்றாக, இரண்டரை மூன்று மணி நேரம் வரும். டிக்கெட் விலையில் இது சேராது. ஆளுக்கு ஏறத்தாழ நூறு டாலரோ அதற்கு மேலோ தனியாகக் கட்ட வேண்டும். கப்பலுக்குக் கப்பல் தொகை மாறும்.

முறையும் கப்பலுக்குக் கப்பல் மாறும். பிரின்சஸ் நிறுவனத்தின் கப்பல்களில் விருந்தாளிகளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, முதலில் சமையற்கட்டுக்குள் அழைத்துப் போவார்கள். கையில் ஷாம்பெயினும் சிறு தீனிகளும் தருவார்கள். ராயல் கரீபியனில் ஐந்து சுற்று, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஒயின். கார்னிவலிலும் சமையற்கட்டைச் சுற்றிக் காட்டுவது உண்டு. கப்பல் சமையற்கட்டை ஆங்கிலத்தில் 'கேலி' என்கிறார்கள். பெயர்தான் கேலி, உள்ளே வேலை படு தீவிரம்.

நீங்களே கப்பலில் போய் இதைச் சாப்பிட நினைத்தால் மூன்று விஷயங்கள் போதும். இடம் குறைவு என்பதால் பயணத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் கப்பலில் ஏறிய முதல் நாளே கேளுங்கள். சைவம் என்றால் பதியும்போதே சொல்லி, நடக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டியல் முன்கூட்டியே முடிவாகிவிடுவதால் மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை. விரல் மூடிய காலணி எடுத்துப் போங்கள். செருப்போடு சமையற்கட்டுக்குள் விடமாட்டார்கள்.

அங்கே என்னைக் கவர்ந்தது பண்டம் அல்ல. உண்மையைச் சொன்னால், அந்த ஆட்டுக்கறியில் உப்புகூடச் சரியாக இல்லை. ஆனால் ஒரு தட்டு வந்து, அதைச் சமைத்தவரே பக்கத்தில் நின்று இரண்டு வரி சொல்லி, எல்லாரும் அதை மட்டும் சாப்பிட்டார்கள். நம் இலையில் பதினைந்து பண்டங்கள் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. அதில் வெண்டைக்காய் மண்டி என்ற புளிப்புத் தொடுகறியை யாராவது தனியாகக் கவனித்திருக்கிறார்களா? வீட்டில் நான் செய்து பார்த்தது இவ்வளவுதான்: அதே இலையை ஏழாகப் பிரித்தேன், சமைப்பவரை முன்னால் வரவைத்தேன்.

படி 1: மேசையை எங்கே போடுவது

முதல்முறை முகப்பில் போட்டேன். தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பார்க்க அழகுதான். ஆனால் எங்கள் ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிபவை. சமையற்கட்டு கடைசிக் கட்டில். பணியாரம் இரண்டாங்கட்டைக் கடந்து, வளவு என்ற நடுமுற்றத்தைக் கடந்து, பட்டாலை என்ற முன்கூடத்தைக் கடந்து முகப்புக்கு வருவதற்குள் அதன் ஓரத்து மொறுமொறுப்பு போய்விட்டது. சமையற்கட்டுக்கு அடுத்த கூடத்தில் மேசையைப் போடுங்கள். தாளிக்கும் வாசனை மேசைக்கு வர வேண்டும். முகப்பில் வரவேற்று உட்காரவைத்து, அங்கிருந்து உள்ளே அழைத்து வரலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடந்து வருவதே விருந்தாளிகளுக்கு ஒரு சுற்றுக்குச் சமம்.

படி 2: எத்தனை பேர்

பத்து. வீட்டு அடுப்பில் பத்துத் தட்டுகளை நான்கு நிமிடத்துக்குள் மேசைக்கு அனுப்ப முடியும். பன்னிரண்டு என்றால் கடைசித் தட்டு ஆறிவிடுகிறது. சமைக்க இரண்டு பேர், பரிமாற இரண்டு பேர் வேண்டும். எட்டுப் பேருக்குக் குறைந்தால் இந்த உழைப்புக்கு மனம் வராது.

படி 3: பட்டியல்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். விதி ஒன்றுதான்: கடைசி நிமிடத்தில் அடுப்பில் நிற்க வேண்டிய பண்டமும், முன்பே செய்து வைக்கும் பண்டமும் மாறி மாறி வர வேண்டும். அடுத்தடுத்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் இரண்டு பண்டங்கள் வைத்தால் சமைப்பவர் மாட்டிக்கொள்வார். என் பட்டியல் இது.

நின்றபடி, சமையற்கட்டிலேயே: எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு கோலா உருண்டை, நன்னாரி சர்பத். இதை ஏழில் சேர்க்கவில்லை. கப்பலின் ஷாம்பெயினுக்கு இது ஈடு. நம் வெயிலுக்கு அதைவிட மேல்.

1. நெஞ்செலும்பு சூப், சிறிய பித்தளைத் தம்ளரில் கால் தம்ளர் மட்டும். சைவத்துக்கு முருங்கைக்காய்ச் சாறு.

2. வெள்ளைப் பணியாரம், ஆளுக்கு இரண்டு, வரமிளகாய்த் துவையலோடு.

3. இடியாப்பம், கோசமல்லி (கத்தரிக்காய்த் தொடுகறி). முன்பே செய்து ஆவியில் வைத்துக்கொள்ளலாம்.

4. மீன் வறுவல், ஆளுக்கு ஒரு துண்டு. தொண்டிப் பக்கத்துக் கடல்மீன் காலையில் வந்துவிடும். நண்டு வைக்க ஆசை வரும், வேண்டாம். நண்டை உடைக்கத் தொடங்கினால் மேசையில் அரை மணி நேரம் பேச்சே நின்றுவிடுகிறது.

5. சோறு, உப்புக்கறி, இளங்குழம்பு, வெண்டைக்காய் மண்டி.

6. கவுனி அரிசி (கருப்பரிசி இனிப்பு).

7. சீப்புச் சீடை, காபி.

அளவில் கஞ்சத்தனம் காட்டுங்கள். நம் ஊரில் இதைச் செய்யத் துணிச்சல் வேண்டும். தட்டில் இரண்டே பணியாரம் வைத்தால் ஏதோ குறை வைத்துவிட்டதுபோல் கை கூசும். ஆனால் இரண்டாவது சுற்றில் ஐந்து பணியாரம் சாப்பிட்டவர் நான்காவதில் மீனைத் தள்ளி வைப்பார். "இன்னும் ஐந்து சுற்று இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கப்பலில் அச்சிட்ட அட்டை வைக்கிறார்கள். நான் நோட்டுத் தாளில் கையால் எழுதி வைக்கிறேன். சோறு எந்தச் சுற்றில் வருகிறது என்பதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன், அம்மானுக்காக.

படி 4: மூன்று பண்டங்கள், கொஞ்சம் விரிவாக

வெள்ளைப் பணியாரத்துக்கு அளவுப் பாத்திரம் எதுவானாலும் சரி. பச்சரிசியை ஒரு தம்ளரில் விளிம்புவரை நிரப்பி, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவியுங்கள். குவிந்து நிற்கும் உளுந்துதான் அளவு. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல் ஆட்டுங்கள். புளிக்க வைக்கக் கூடாது. உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, கொஞ்சம் பால் சேர்த்து, கரண்டியால் ஊற்றும் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். எண்ணெய் நடுத்தரச் சூட்டில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மேலே எழும்பி வந்ததும் திருப்பி, சிவப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். நிறம் மாறினால் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. இருபது பணியாரத்துக்கு இரண்டு சட்டி வேண்டும். முதல்முறை ஒரே சட்டியில் ஊற்றினேன். பத்தாவது விருந்தாளிக்குப் பணியாரம் வந்தபோது முதலாமவர் கை கழுவிவிட்டு வந்திருந்தார்.

உப்புக்கறியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது காத்திருக்கும். ஒன்றேகால் கிலோ ஆட்டுக்கறி, கால் கிலோ சின்ன வெங்காயம், இரண்டு முழுப்பூண்டு, விதை உதறிய வரமிளகாய் பதினைந்து, மஞ்சள்தூள், உப்பு, நல்லெண்ணெய். மசாலாப்பொடி கிடையாது. செட்டிநாடு என்றால் கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் எல்லாவற்றிலும் விழ வேண்டும் என்று வெளியூர் ஓட்டல்கள் நம்பவைத்திருக்கின்றன. இதில் எதுவுமே இல்லை. எண்ணெயில் மிளகாய், வெங்காயம், பூண்டை வதக்கி, கறியும் மஞ்சளும் உப்பும் சேர்த்து, நீர் தெளித்து மூடி, மிதமான தீயில் வேகவிட்டுச் சுருட்டி எடுக்க வேண்டும். மதியமே செய்துவிட்டு, இரவில் கனமான சட்டியில் சூடு காட்டினால் ருசி கூடும்.

கவுனி அரிசி பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். எங்கள் ஐயா (தாத்தா), 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனவர். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன அந்தக் காலத்தில், அங்கே தங்கித் தொழில் நடத்தும் கிட்டங்கியில் சமைப்பதற்கு ஊரிலிருந்தே தவசுப்பிள்ளை என்ற சமையற்காரரை அழைத்துப் போவார்கள். கப்பலில் சமையல் என்றாலே எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. சரி, பண்டத்துக்கு வருகிறேன். 200 கிராம் அரிசியை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். ஊறாத கவுனி எத்தனை விசில் வைத்தாலும் விறைத்தே நிற்கும். ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்துக் குழைய வேகவிட்டு, சூட்டோடு மசித்து, சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய் சேருங்கள். ஆறினால் இறுகும், ஆகவே பரிமாறும் முன் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறுங்கள். வெள்ளைத் தட்டில் இந்தக் கருஞ்சிவப்பை ஒரு கரண்டி வைத்தால் வேறு அலங்காரம் தேவைப்படாது.

படி 5: தட்டுகள்

பத்துப் பேருக்கு ஏழு சுற்று என்றால் எழுபது தட்டு. யார் வீட்டில் இருக்கிறது? பணியாரத்துக்கும் மீனுக்கும் வாழையிலையை உள்ளங்கை அகலத்தில் நறுக்கிக்கொள்ளுங்கள். சோற்றுக்கு நுனியிலை. மற்றவற்றுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தட்டுகள் கிடைக்கின்றன. விளிம்பு பெயராததாகப் பார்த்து எடுங்கள். உடைந்த எனாமல் உணவில் கலக்கக் கூடாது.

படி 6: நேரத்தாள்

முதல்முறை சோறு தாமதித்ததற்குக் காரணம் நான் முன்னாலிருந்து கணக்குப் போட்டதுதான். பின்னாலிருந்து போடுங்கள். காபி 9.45க்கு என்றால் கவுனி 9.25, சோறு 8.50, மீன் 8.30, இடியாப்பம் 8.15, பணியாரம் 8.00, சூப் 7.45. விருந்தாளிகள் சமையற்கட்டுக்கு வருவது 7.15. சோற்றுக்கு 8.15க்கு உலை வைக்க வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு எதிரே ஒட்டுங்கள். சோற்றுச் சுற்றுக்கு முப்பத்தைந்து நிமிடம் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மறுசோறு உண்டு. அந்த ஒரு சுற்றில் மட்டும் கப்பல் முறை செல்லாது. கேட்டால் போட வேண்டும்.

மீனுக்கும் சோற்றுக்கும் நடுவே கப்பலில் எலுமிச்சைச் சர்பத்தை உறையவைத்து ஒரு கரண்டி தந்தார்கள், நாக்கைத் துடைக்க. நான் இஞ்சி தட்டிப்போட்ட நீர்மோர் இரண்டு வாய் தருகிறேன்.

படி 7: சமையற்கட்டுக்குள் விருந்தாளிகள்

கப்பலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் கை கழுவ வைத்தார்கள். நெருக்கமான இடத்தில் வயிற்றுப்போக்கு ஒருவருக்கு வந்தால் ஊருக்கே பரவும் என்ற பயம். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு 1975 முதல் சுகாதாரச் சோதனை இருக்கிறது. 100க்கு 86 எடுக்காவிட்டால் தேறாது. நம் வீட்டுக்குச் சோதனை இல்லை, ஆனால் குழாயடியில் சோப்பும் துண்டும் வையுங்கள்.

தீ விஷயத்தில் இன்னும் கவனம். கப்பலில் நான் திறந்த தீயையே பார்க்கவில்லை. எல்லாம் மின் அடுப்பு. நம்மிடம் எண்ணெய்ச் சட்டியும் எரிவாயுவும் இருக்கின்றன. பட்டுப்புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், குழந்தைகளை வாசற்படியோடு நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் உள்ளே நிற்க வேண்டாம்.

படி 8: சமைத்தவர் பேச வேண்டும்

எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா முப்பது ஆண்டுகளாக விருந்து சமைக்கிறார். மேசைக்கு வரச் சொன்னபோது மறுத்துவிட்டார். இதற்கு ஒரு வழி உண்டு: பேசத் தயார் செய்ய வேண்டாம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு கேள்வி நீங்கள் கேளுங்கள். "மண்டிக்கு எந்தத் தண்ணீர் அக்கா?" என்று கேட்டேன். "அரிசி கழுவிய இரண்டாவது தண்ணீர். முதல் தண்ணீரில் தூசி இருக்கும்" என்றார். மேசையில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் அடுத்த கேள்வி கேட்டார்கள். சுருக்கமாக முடிக்கத்தான் பிறகு பாடுபட வேண்டியிருந்தது.

கப்பலில் முடிவில் சமையற்காரரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இங்கே வெற்றிலைத் தாம்பாளத்தில் பணம் வைத்து அக்காவிடம் அம்மானே கொடுத்தார். கொடுக்கும்போது, உப்புக்கறியில் காரம் கொஞ்சம் தூக்கல் என்றும் சொல்லிவைத்தார். "மிளகாயைக் குறைக்க மாட்டேன் ஐயா. அடுத்த முறை சோற்றை முன்னால் அனுப்புகிறேன்" என்றார் அக்கா.

எனாமல் தட்டுகளைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் கழுவிக்கொள்ளலாம்.