61 மெகாபிக்சல் கேமராவுக்கு மாறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

24 மெகாபிக்சல் கேமராவில் பல வருடம் கல்யாண வேலை பார்த்துவிட்டு சோனி ஏ7ஆர் 4-க்கோ 5-க்கோ மாறுகிறவர்களிடம் முதல் மாதமே ஒரு புகார் எழும்: "படம் ஷார்ப்பாவே இல்லை, லென்ஸ்ல கோளாறு போல." பெரும்பாலும் லென்ஸில் கோளாறு இருக்காது. பழைய கேமராவின் பழக்கம் அப்படியே தொடர்வதுதான் கோளாறு. பேட்டரி சார்ஜ், கார்டு ஃபார்மட் மாதிரி சங்கதிகள் தெரிந்தவைதான், விட்டுவிடலாம்.

ஐஎஸ்ஓ-வுக்குப் பயந்து ஷட்டர் ஸ்பீடைக் குறைப்பது

ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் ஒளி உணர்வு. அது ஏறிவிடக் கூடாதென்று ஷட்டரை மெதுவாக்குகிறார்கள். "50 எம்எம் லென்ஸுக்கு 1/50 நொடி போதும்" என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. அதுவும் கைநடுக்கத்துக்கு மட்டும். எதிரில் இருப்பவர் அசைவது அதில் சேராது. ஏ7ஆர் 4-இன் சென்சார் 35.7 மி.மீ. அகலத்தில் 9504 பிக்சல்களை அடக்குகிறது. ஒரு பிக்சல் 3.76 மைக்ரான்தான், 24 மெகாபிக்சலில் ஏறக்குறைய 6.

50 எம்எம் லென்ஸ், 5 மீட்டர் தள்ளி மணமகள். தலையை மெதுவாக, நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் திருப்புகிறார். சென்சார் மேல் அது நொடிக்கு 1 மி.மீ. 1/60-இல் 17 மைக்ரான், அதாவது நாலரை பிக்சல் இழுபடும். 1/250-இல் ஒரு பிக்சலோடு நின்றுவிடும். குறுக்கே நடந்து போகிறவருக்கு 1/500 வைத்தாலும் ஆறு பிக்சல் போகும்.

ஒரே அளவு பிரிண்டில் 24, 61 இரண்டும் ஒரே அளவு மங்கலைத்தான் காட்டும், உண்மைதான். ஆனால் 61 வாங்குவதே க்ராப் செய்யவும் பெரிதாகப் போடவும்தானே? அந்தக் கூடுதல் பிக்சலுக்குக் கொடுத்த காசு முழுவதும் 1/60-இல் கரைந்துபோகிறது. கேமராவின் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையைத்தான் நிறுத்தும், மணமகளின் தலையை நிறுத்தாது.

1/60-இலிருந்து 1/250 என்றால் இரண்டு ஸ்டாப், அதாவது ஒளி கால்வாசியாகும்: ஈடுகட்ட ஐஎஸ்ஓ 800 இருந்த இடத்தில் 3200. நூறு சதவீதத்தில் பெரிதாக்கினால் நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான கரகரப்பு) தெரியும். அதைப் பார்த்துத்தான் பயம் வருகிறது. ஆல்பம் அளவுக்குச் சுருக்கும்போது அதில் பெரும்பகுதி அடங்கிவிடும், மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இழுபட்ட கண்ணிமையை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது. தாலி கட்டுவதை மறுபடி எடுக்கவும் முடியாது.

லென்ஸைக் குறை சொல்லும் முன் படத்தை நூறு சதவீதத்தில் பெரிதாக்கி, கண்ணில் விழும் ஒளிப்புள்ளியைப் பாருங்கள். புள்ளி சிறு கோடாக நீண்டு, மாலைப் பூவும் பின்னாலிருக்கும் குத்துவிளக்கும் கூர்மையாக இருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். எல்லாமே ஒரே திசையில் நீண்டிருந்தால் உங்கள் கை. கோடு இல்லாமல் புள்ளி வட்டமாகப் பூத்து, காதோ தோளோ கூர்மையாக இருந்தால் மட்டுமே ஃபோகஸ் தப்பு.

மெனுவில் ஐஎஸ்ஓ ஆட்டோவுக்கான குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடை 1/250 ஆக்குங்கள். ஐஎஸ்ஓ உச்சவரம்பு 6400. அப்பர்ச்சர் மோடில் (லென்ஸ் துளையின் அளவை நீங்கள் வைக்க, ஷட்டரை கேமரா பார்த்துக்கொள்ளும் முறை) இது வேலை செய்யும். ஒன்று மட்டும் கவனம்: மண்டபம் இருட்டி ஐஎஸ்ஓ உச்சவரம்பைத் தொட்டுவிட்டால் கேமரா 1/250-க்கும் கீழே தானாக இறங்கிவிடும். வ்யூஃபைண்டரின் அடியில் ஓடும் எண்ணில் ஒரு கண் இருக்கட்டும். இறங்கினால் அப்பர்ச்சரைத் திறந்துவிடுங்கள், அல்லது ஃபிளாஷை எடுங்கள்.

குரூப் போட்டோவுக்கு எஃப் 16

எல்லா வரிசையும் கூர்மையாக விழட்டும் என்று எஃப் 16 வைக்கிறார்கள். எஃப் எண் ஏற ஏற லென்ஸின் துளை சிறுக்கும், துளை சிறுத்தால் ஒளி சிதறும். எஃப் 16-இல் ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரான் வட்டமாக, ஆறு பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. எஃப் 8-இல் அதில் பாதி. இரண்டு வரிசை ஆட்கள் என்றால் நாலடி பின்னால் போய் எஃப் 8-லேயே எடுங்கள். க்ராப் செய்யத்தான் பிக்சல் இருக்கிறதே.

எல்இடி மேடையில் சைலன்ட் ஷட்டர்

வேண்டாம். சத்தமில்லாத அந்த மோடில் இந்த சென்சார் வரிவரியாக, மெதுவாகப் படிக்கும். அதற்குள் எல்இடி விளக்கு பலமுறை மினுக்கிவிடும். படம் முழுக்கப் பட்டை விழும்.

கார்டு கணக்கு

ஏ7ஆர் 4-இல் அன்கம்ப்ரஸ்டு ரா (சுருக்காத மூலக் கோப்பு) ஒரு படம் சுமார் 120 எம்பி. 128 ஜிபி கார்டில் ஆயிரத்துச் சொச்சம் படம்தான். ரிசப்ஷன் முடியும் முன்னே நிரம்பிவிடும். கம்ப்ரஸ்டு ரா அதில் பாதி, கல்யாணத்துக்கு அது தாராளம். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள்.

ட்ரைபாடில்

ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள், 2 நொடி டைமர் போடுங்கள்.