சொந்த லிஸ்ப் கம்பைலர்ல ஆப்ஜெக்ட் லேஅவுட் எழுதறது எப்படி

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, நானே எழுதிட்டிருக்கற குட்டி லிஸ்ப் கம்பைலர்ல சும்மா (கார் 3/4) னு அடிச்சு பார்த்தேன். கார்னா லிஸ்டோட முதல் மதிப்பை எடுக்கறது, குடர்னா மீதி லிஸ்டை எடுக்கறது, அதனால லிஸ்ட் இல்லாத ஒண்ணை கார் பண்ணா எரர்தான் வரணும். வந்தது 3. அட இது நல்லாருக்கேன்னு (குடர் 3/4) போட்டேன், 4 வந்துச்சு. (குடர்னு தமிழ்ல அடிக்கும்போதெல்லாம் எனக்கு குடல்தான் ஞாபகம் வருது, அதை விடுங்க.) பதில் ரெண்டும் பார்க்க சரியாத்தான் இருக்கு, கேள்விதான் தப்பு. இது ஏன் இப்படி ஆச்சுன்னு புரிஞ்சுட்டா லேஅவுட் (ஒரு ஆப்ஜெக்ட் மெமரில எப்படி உக்காருதுங்கறது) விஷயத்துல முக்காவாசி முடிஞ்ச மாதிரி, அதனால அங்க போய் சேர்ற வழியிலயே எல்லாத்தையும் சொல்லிடறேன்.

மெஷின் 64 பிட், ஒரு வேர்டு 8 பைட், ஹீப்ல (ரன் ஆகும்போது ஆப்ஜெக்டுக்கு இடம் எடுக்கற மெமரி) எந்த ஆப்ஜெக்டும் 16 ஆல வகுபடற அட்ரஸ்லதான் ஆரம்பிக்கும். இந்த கடைசி ரூல்தான் அஸ்திவாரம். 16 ஆல வகுபட்டா அட்ரஸோட கடைசி 4 பிட் எப்பவும் 0, சும்மா கிடக்கு, அந்த 4 பிட்டுல நாம டேக், அதாவது இது என்ன வகைன்னு சொல்ற எண், எழுதிக்கலாம். டேக் சேர்த்த அட்ரஸைத்தான் பாயின்டர்னு சொல்றேன். நான் வெச்சிருக்கற நம்பரெல்லாம் எஸ்பிசிஎல்ங்கற லிஸ்ப் கம்பைலர் எக்ஸ்86-64ல வெச்சிருக்கறதையே சுட்டது, வெட்கமில்லாம சொல்றேன். 1999ல சிஎம்யுசிஎல்ங்கற இன்னொரு லிஸ்ப்ல இருந்து பிரிஞ்சு வந்ததுலேர்ந்து அவங்க பட்டு பட்டு தேறின நம்பர், நாம புதுசா யோசிச்சு என்ன பண்ணப்போறோம். ஸ்ட்ரக்ட் பாயின்டர்னா 3, கான்ஸ் (லிஸ்டோட ஒரு கண்ணி, காரும் குடரும் சேர்ந்த ஜோடி) பாயின்டர்னா 7, ஃபங்ஷன்னா 11, மத்த எல்லாத்துக்கும் 15. நாலையும் பைனரில எழுதி பாருங்க, கடைசி ரெண்டு பிட் எல்லாத்துலயும் 11. கடைசி பிட் 0 ஆ இருந்தா அது முழு எண், அதாவது ஃபிக்ஸ்னம். கடைசி ரெண்டு பிட் 01னா அது ஒண்ணு ஹெடரா (ஆப்ஜெக்டோட முதல் வேர்டு, கீழ சொல்றேன்) இருக்கும், இல்ல கேரக்டர் மாதிரி உடனடி மதிப்பா, அதாவது ஹீப்புக்கு போகாம அந்த வேர்டுக்குள்ளயே அடங்கற மதிப்பா இருக்கும்.

ஃபிக்ஸ்னம் ஏன் 0ல முடியணும்? 5ங்கறது மெமரில 10ஆ இருக்கும், 7ங்கறது 14ஆ இருக்கும், கூட்டினா 24, அது 12ஓட டேக் போட்ட வடிவமேதான். கூட்டல் கழித்தலுக்கு டேக்கை கழட்டி மாட்ட வேண்டியதே இல்லை. பெருக்கல்ல மட்டும் ஒரு பக்கத்தை ஒரு பிட் நகர்த்திக்கணும்.

அப்ப ஹெடர் எதுக்கு, டேக்தான் இருக்கேன்னு கேப்பீங்க. நான் கடலூர்லேர்ந்து தினம் பாண்டி வேலைக்கு போறவன், திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டூவீலர் ஸ்டாண்ட்ல வண்டியை போட்டுட்டுத்தான் பஸ் ஏறுவேன். நம்ம கையில ஒரு டோக்கன் இருக்கும், வண்டி ஹேண்டில்ல ஒரு அட்டை தொங்கும். டோக்கனை பார்த்தே சைக்கிளா பைக்கானு தெரிஞ்சுட்டா ஸ்டாண்ட்காரர் எழுந்து உள்ள போக வேண்டாம், ஆனா என்ன கம்பெனி, என்ன கலர், இதெல்லாம் டோக்கன்ல எழுத இடம் பத்தாது, வண்டிகிட்ட போய்த்தான் பார்க்கணும். பாயின்டர்ல இருக்கற 4 பிட் டேக் அந்த டோக்கன், ஆப்ஜெக்டோட முதல் வேர்டுல இருக்கற ஹெடர் அந்த அட்டை. அடிக்கடி செக் பண்ற கான்ஸ், ஃபங்ஷன், ஸ்ட்ரக்டுக்கு தனி டோக்கன் கொடுத்தாச்சு, பின்னம், பெரிய எண், டபுள் (தசம எண்), ஸ்ட்ரிங், சிம்பல் எல்லாம் 15ங்கற ஒரே டோக்கன்ல போய் ஹெடரை பார்த்து தெரிஞ்சுக்க வேண்டியதுதான். கான்ஸுக்கு மட்டும் ஹெடரே கிடையாது, வெறும் ரெண்டு வேர்டு, அது லிஸ்ப்ல எவ்ளோ கொட்டிக் கிடக்கும்னு நினைச்சு பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஹெடர் வெச்சா ஹீப் தாங்காது.

இப்ப வேலைக்கு வருவோம். ஒரு ஆப்ஜெக்டோட வடிவத்தை ஒரே ஒரு இடத்துல எழுதணும், மத்த எல்லாம் அதுலேர்ந்து தானா வரணும். எஸ்பிசிஎல்ல இதுக்குன்னே டிஃபைன்-பிரிமிட்டிவ்-ஆப்ஜெக்ட்னு ஒரு மேக்ரோ (நமக்காக கோடு எழுதி கொடுக்கற கோடு) இருக்கு, அவங்க சோர்ஸ்ல ஆப்ஜ்டெஃப்னு ஒரு ஃபைல்ல வரிசையா எல்லா வடிவமும் இருக்கும், ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து படிங்க, ரொம்ப பெருசு ஒண்ணுமில்ல. நான் என் கம்பைலர்ல பேரையெல்லாம் தமிழ்லயே வெச்சுட்டேன், லிஸ்ப்ல சிம்பலுக்கு தமிழ் எழுத்து தாராளமா போகும், நமக்கு கேப்பிட்டல் லெட்டர் தொல்லையும் கிடையாது:

(அமைப்பு பின்னம்
  (:டேக் 15 :முத்திரை 21)
  (தொகுதி :படி பின்னத்-தொகுதி)
  (பகுதி :படி பின்னப்-பகுதி))

தொகுதி, பகுதி ரெண்டும் ஸ்லாட், அதாவது ஆப்ஜெக்டுக்குள்ள ஒரு மதிப்பு உக்கார்ற இடம், :படிக்கு அப்புறம் வர்றது அதை படிக்கற ஃபங்ஷனோட பேர். முத்திரைங்கறது ஹெடரோட கடைசி 8 பிட்டுல போற நம்பர். 21ஐ 4ஆல வகுத்தா மீதி 1, அதாவது கடைசி ரெண்டு பிட் 01, ஹெடருக்கு சொன்ன ரூலுக்கு ஒத்துப்போகுது. இதை மேக்ரோவே செக் பண்ணி தப்பா இருந்தா கத்தணும், நம்ம ஞாபகத்தை நம்பக்கூடாது. அந்த 8 பிட்டுக்கு மேல, ஹெடருக்கு அப்புறம் எத்தனை வேர்டு வருதுங்கற எண்ணிக்கை. பின்னத்துக்கு 2, அப்ப ஹெடர் 2 × 256 + 21 = 533.

மேக்ரோ பண்ண வேண்டிய கணக்கு இவ்ளோதான் (ஆஃப்செட்னா பாயின்டர்லேர்ந்து அந்த ஸ்லாட் எத்தனை பைட் தள்ளி இருக்குங்கறது):

தொகுதி ஆஃப்செட்: 1 × 8 − 15 = −7
பகுதி ஆஃப்செட்: 2 × 8 − 15 = 1
சைஸ்: 3 வேர்டு, இரட்டைப்படைக்கு ஏத்தினா 4, அதாவது 32 பைட்

டேக்கை கழிக்கறதை கம்பைல் பண்ணும்போதே ஆஃப்செட்ல சேர்த்துடறோம் பாருங்க, அதனால ரன் ஆகும்போது டேக்கை கழட்ட தனி இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது, மெஷின் இன்ஸ்ட்ரக்ஷன்லயே −7னு ஒரு எண் உக்காந்துக்கும். 3/4ஐ 4096ங்கற அட்ரஸ்ல வெச்சா மெமரி இப்படி இருக்கும்:

4096 : 533
4104 : 6
4112 : 8
4120 : 0

பாயின்டர் 4096 + 15 = 4111. 4111 − 7 = 4104, அங்க 6 இருக்கு, ஃபிக்ஸ்னமா படிச்சா 3. இப்ப கான்ஸுக்கு அதே கணக்கு போடுங்க: ஹெடர் இல்லை, டேக் 7, கார் 0 − 7 = −7, குடர் 8 − 7 = 1. அதே −7, அதே 1! ஹெடர் ஒரு வேர்டு தள்ளி விடுது, டேக்கும் சரியா ஒரு வேர்டு அளவுக்கு கூட இருக்கு, ரெண்டும் கழிஞ்சு போச்சு. வேகம் வேணும்னு நான் டைப் செக்கை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன், அதனால கார் பாட்டுக்கு −7ல எட்டிப் பார்த்து தொகுதியை எடுத்து கொடுத்துட்டு போயிடுச்சு. கிராஷ் ஆகியிருந்தா கூட பரவால்ல, அமைதியா தப்பு பதில் வர்றதுதான் கொடுமை. செக் ஒண்ணும் பெரிய செலவில்லை, பாயின்டர்லேர்ந்து 7ஐ கழி, கடைசி 4 பிட் 0வானு பாரு, இல்லேன்னா எரர் பக்கம் தாவு, மூணே இன்ஸ்ட்ரக்ஷன். லேஅவுட் செட்டில் ஆகற வரைக்கும் அதை ஆஃப் பண்ணாதீங்க.

நீளம் மாறற ஆப்ஜெக்டுக்கு, வெக்டார் மாதிரி, கடைசி ஸ்லாட்டை 'மீதி'னு குறிச்சா போதும். ஹெடர், நீளம், அப்புறம் சாமான். 5 சாமான்னா 7 வேர்டு, ஏத்தினா 8, 64 பைட். முதல் சாமான் 16 − 15 = 1ல. இன்டெக்ஸ் ஃபிக்ஸ்னமா இருக்கறதால ஏற்கனவே ரெண்டு மடங்கு, அதனால 8ஆல பெருக்காம 4ஆல பெருக்கணும், இதை மறந்தா ஒண்ணு விட்டு ஒண்ணு படிப்பீங்க.

ஜிசிதான் உண்மையான பரீட்சை. ஜிசின்னா கார்பேஜ் கலெக்டர், தேவைப்படற ஆப்ஜெக்டை வேற இடத்துக்கு காப்பி பண்ணிட்டு மீதியை தூக்கிப் போடற கோடு. என் ஜிசி சி மொழில இருக்கு. ஆரம்பத்துல சிம்பலுக்கு ஹெடர், மதிப்பு, பேர், ப்ராப்பர்ட்டி லிஸ்ட், மொத்தம் 4 வேர்டு, அந்த 4ஐ நான் சி ஃபைல்ல கையால அடிச்சு வெச்சிருந்தேன். அப்புறம் பேக்கேஜ்னு ஒரு ஸ்லாட் சேர்த்தேன், லிஸ்ப் பக்கம் 5 ஆகி 6க்கு ஏறிடுச்சு, சி பக்கம் இன்னும் 4. முதல் ஜிசி வர்ற வரைக்கும் எல்லாம் ஜோரா ஓடும், ஜிசி வந்து சிம்பலை காப்பி பண்ணும்போது 4 வேர்டை மட்டும் தூக்கிட்டு போகும், பேக்கேஜ் இருந்த இடத்துல அடுத்த ஆப்ஜெக்டோட ஹெடர் உக்காந்திருக்கும். மூணு ராத்திரி போச்சு, நடுவுல கரெண்ட் வேற போச்சு. இதுல பெரிய தந்திரம் என்னன்னா, இதையே பின்னத்துல பண்ணியிருந்தா மாட்டியிருக்கவே மாட்டேன், அங்க 4120ல ஒரு வேர்டு காலியா இருக்கு, மூணாவது ஸ்லாட் அதுல போய் ஒளிஞ்சிருக்கும், நாலாவது சேர்க்கற அன்னைக்குத்தான் வெடிக்கும்.

அதனால சி ஹெடர் ஃபைலையும் (இது ஆப்ஜெக்ட் ஹெடர் இல்ல, சி பக்கத்துக்கு வடிவத்தை சொல்ற ஃபைல்) அதே 'அமைப்பு' வரிகள்லேர்ந்துதான் எழுதணும். எஸ்பிசிஎல்லும் பில்டுல ஜெனிசிஸ்ங்கற கட்டத்துல இதைத்தான் பண்ணுது, லிஸ்ப் பக்கம் இருக்கற வடிவத்துலேர்ந்து சி ஸ்ட்ரக்டை எழுதி கொடுத்துட்டுத்தான் ரன்டைமை கம்பைல் பண்ணும். என்கிட்ட அது ஒரு முப்பது வரி ஃபங்ஷன், எல்லா அமைப்பையும் ஒரு டேபிள்ல வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் முத்திரை, சைஸ், எத்தனை ஸ்லாட்டை ஜிசி பார்க்கணும்ங்கறதை அச்சடிக்கும்.

அந்த கடைசி எண் எதுக்குன்னா, எல்லா ஸ்லாட்டும் லிஸ்ப் மதிப்பு கிடையாது. டபுள் ஸ்லாட்ல வெறும் பிட்டுதான் இருக்கு, அதை ஜிசி பாயின்டர்னு நினைச்சு மாத்திட்டா உங்க கணக்கே மாறிடும். 0.6ஐ எடுத்துக்கோங்க, டபுளா எழுதினா கடைசி நாலு பிட் 0011, அதாவது 3, அச்சு அசல் ஸ்ட்ரக்ட் பாயின்டர் டேக். அந்த அட்ரஸ் ஹீப்புக்குள்ள வருதானு ஜிசி செக் பண்ணும்தான், பெரும்பாலும் தப்பிச்சிடும், ஆனா அதை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. நான் இந்த மாதிரி பச்சை ஸ்லாட் எல்லாத்தையும் கடைசில தள்ளுவேன், முதல் இத்தனை பார், மீதியை அப்படியே காப்பி பண்ணுன்னு சொன்னா போதும்.

அலோகேட்டரையும் மேக்ரோதான் எழுதணும். இடம் எடுத்து, ஹெடர் போட்டு, ஸ்லாட் எல்லாம் நிரப்பி முடியற வரைக்கும் ஜிசி நடுவுல புகக்கூடாது, ரவுண்ட் பண்ணதுல மிஞ்சின வேர்டுலயும் 0 போட்டுடுங்க, 0ங்கறது ஃபிக்ஸ்னம் 0, யாருக்கும் தொல்லை தராது. பழைய குப்பையை விட்டு வெச்சா ஜிசி அதை பாயின்டர்னு துரத்திட்டு போகும். ஹீப்பை வரிசையா நடந்து பார்க்கற கோடு இருந்தா அங்க ஒரு குழி இருக்கு: முதல் வேர்டு 01ல முடிஞ்சா ஹெடர், இல்லேன்னா கான்ஸ்னு எழுதுவோம், ஆனா கார்ல கேரக்டர் இருக்கற கான்ஸோட முதல் வேர்டும் 01லதான் முடியும். கேரக்டர் மாதிரி உடனடி மதிப்போட முத்திரைகளை தனியா விலக்கி, அது வந்தா கான்ஸ்னு எடுத்துக்கணும்.

டெஸ்டுக்கு நான் பண்றது: டேபிள்ல இருக்கற ஒவ்வொரு அமைப்புலயும் ஒண்ணு உருவாக்கி, ஸ்லாட்ல வேற வேற எண் போட்டு, ஜிசியை கட்டாயமா ரெண்டு தடவை ஓடவிட்டு, திரும்ப படிச்சு அதே எண்ணானு பார்ப்பேன். டேபிள்லேர்ந்தே டெஸ்டும் வர்றதால புது அமைப்பு சேர்த்தா டெஸ்ட் தானா சேர்ந்துக்கும். தப்பு வந்தா மேல காட்டின மாதிரி அட்ரஸும் வேர்டுமா அச்சடிக்க ஒரு குட்டி ஃபங்ஷன் வெச்சுக்கோங்க, டீபக்கரை விட எனக்கு அதுதான் கை கொடுக்குது, பஸ்ல அரியாங்குப்பம் டிராஃபிக்ல நிக்கும்போது அந்த அவுட்புட்டை ஃபோன்ல பார்த்தே ரெண்டு பக் பிடிச்சிருக்கேன். நிஜ எஸ்பிசிஎல்ல இதை நேர்ல பார்க்கணும்னா கெட்-லிஸ்ப்-ஆப்ஜ்-அட்ரஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஒரு லிஸ்டை கொடுத்து, வர்ற எண்ணை 16ஆல வகுத்து மீதியை பாருங்க, 7 வரும்.

ஒரு ஸ்லாட்டை மாத்தினாலும் பழைய கம்பைல் ஆன ஃபைல் எல்லாம் செல்லாக்காசு, அதுக்குள்ள பழைய −7, பழைய 1 எல்லாம் மெஷின் கோடாவே உக்காந்திருக்கு. அமைப்பு டேபிள் முழுசையும் ஹேஷ் பண்ணி (ஒரே எண்ணா சுருக்கி) அந்த எண்ணை ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் எழுதிடுங்க, லோட் பண்ணும்போது ஒத்துப்போகலேன்னா ஏத்தாதீங்க.